தராசு மூடும் நேரம்

வியாழக்கிழமை மாலை ஐந்து நாற்பத்திரண்டுக்குத் திரையில் பதினான்கு வரிகள் ஒரே நேரத்தில் சிவந்தன. ஜோதிலட்சுமி கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். பயப்படவில்லை, சந்தோஷப்பட்டாள். இரண்டு வருஷமாக உட்கார்ந்து செய்த கருவி முதன்முதலாக ஒரு பெரிய ஏமாற்று வேலையைப் பிடித்துவிட்டது என்று நினைத்தாள்.

தேனி மாவட்டத்துக் கூடலூரில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு வாடகை வீட்டின் மாடி அது. ஜன்னலுக்கு வெளியே திராட்சைப் பந்தல், அதற்கு மேலே மலை. அவளுக்கு முப்பத்தேழு வயது. சென்னையில் எட்டு வருஷம் அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை பார்த்தாள். கம்பெனி அந்தப் பிரிவையே மூடியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்துவிட்டாள். இப்போதும் வீட்டிலிருந்தபடி அதே வேலைதான். துண்டு துண்டாக வரும், வராமலும் போகும்.

இடையில் பிடித்துக்கொண்டதுதான் இணையக் கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சம்பளம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை அதில் போட்டி வைப்பார்கள். நாற்பது நாளுக்குள் தங்கள் ஊரைப் பற்றியும், அங்குள்ள கண்மாய், பயிர், செடி, பூச்சி பற்றியும் நிறைய எழுதுகிறவர்களுக்குப் பரிசு. எழுத வருவோர் நூற்றுக்கணக்கில், மதிப்பெண் போட மூன்றே நடுவர்கள். மூவரும் ஆளுக்கொரு அட்டவணை வைத்திருப்பார்கள். ஒரு வருஷம் ஒரே கட்டுரை இரண்டு தடவை மதிப்பெண் வாங்கியது. இன்னொரு வருஷம் முடிவு அறிவித்த பிறகு ஒரு நடுவரின் மைத்துனனுடைய மதிப்பெண்ணை யாரோ திருத்தி வைத்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. குழுவே இரண்டாக உடைந்தது.

அந்தச் சண்டைக்குப் பிறகுதான் ஜோதி இந்தக் கருவியை எழுத ஆரம்பித்தாள். கட்டுரையைச் சமர்ப்பிக்க ஓர் இடம், நடுவர்கள் மதிப்பெண் போட ஓர் இடம், எல்லோரும் பார்க்க ஒரு பட்டியல். அதன் நிரலை, கணினிக்கு அவள் எழுதிய கட்டளைகள் முழுவதையும், திறந்தே வைத்தாள். யாரும் எடுத்துப் படிக்கலாம், தங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம், பிழை கண்டால் சொல்லலாம். அசாமிலிருந்து ஒரு பெண் தானாக வந்து தேதிக் கணக்கில் இருந்த கோளாறைச் சரிசெய்து கொடுத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

கருவியின் பெருமையெல்லாம் அதன் பூட்டில் இருந்தது. குறித்த நிமிடம் வந்ததும் முடிவுகள் உறைந்துவிடும். நடுவர் நினைத்தாலும் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. சர்வர் பழுதானால் திறக்க மட்டும் ஒரு சாவி, ஒரு சின்னக் கோப்பு, ஜோதியிடம் இருந்தது. அதைப் பயன்படுத்தினால், திறந்தவர் பெயரும் நேரமும் முகப்பிலேயே சிவப்பு எழுத்தில் நின்றுவிடும். சாவியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. பூட்டைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டு வேறு ஐந்து மொழிக்காரர்கள், தமிழ்ப் போட்டி ஒழுங்காக முடிந்தால் அடுத்த ஆண்டு தாங்களும் இதையே பயன்படுத்துவதாக எழுதியிருந்தார்கள்.

கருவிக்குக் ‘கங்காணி’ என்று பெயர் வைத்தாள். தோட்டத்தில் ஆளையும் காயையும் எண்ணுகிறவன் கங்காணி, இதுவும் எண்ணுகிற வேலைதானே என்று விளையாட்டாக நினைத்தாள். அம்மா பிச்சையம்மாளுக்கு மட்டும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வந்தவள் அவள். இப்போது இரண்டு முழங்காலும் வேலை செய்யாமல் கட்டிலோடு இருக்கிறாள்.

“போயும் போயும் அந்தக் கட்டையில போறவன் பேரா வச்ச?”

“ஏம்மா, நல்லாத்தான இருக்கு?”

“ஒனக்கென்ன தெரியும். நாலு மணிக்குத் தராசு மூடிருவான். மேல் சரிவுல காய் எடுக்குறவளுக எறங்கி வர நேரமாவும்ல. நாலஞ்சு நிமிசம் பிந்திருச்சுன்னா ‘தராசு மூடியாச்சு, போ’ம்பான். அன்னைக்கு எடுத்த காய் அம்புட்டும் கணக்குல வராது. கால்ல விழுந்தாலும் ‘ஏங்கையில இல்லம்மா’ன்னுருவான். தராசு ரூமு சாவி அவென் இடுப்புலதான் தொங்கும்.”

ஜோதி சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பெயரை மாற்றவில்லை.

பதினான்கு பேரைப் பிடித்த விதியை அவள் சேர்த்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு நகரத்து ஆள் பத்துப் பெயரில் கணக்கு வைத்துக்கொண்டு பரிசைச் சுருட்டுகிறான் என்று குழுவில் பேச்சு கிளம்பியது. ஒரே இணைய இணைப்பிலிருந்து, பத்து நிமிடத்துக்குள், ஐந்துக்கும் அதிகமான கணக்குகள், பத்து வேலைநாள் விடாமல் கட்டுரை சமர்ப்பித்தால் எல்லாம் ஒரே ஆள் என்று கங்காணி முடிவு செய்யும். எழுதும்போது அவள் மனதில் இருந்தது குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு திருடன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எழுதும் காலம் முடிந்தது. ஜோதி பட்டியலை வெளியிட்டாள். ‘ஒரே நபர் இயக்கிய பதினான்கு போலிக் கணக்குகள்’ என்று தலைப்பு போட்டாள். கீழே பதினான்கு பெயர்கள். குழுவில் கைதட்டல் படங்களாக வந்து விழுந்தன. போட்டியின் ஒருங்கிணைப்பாளரும் மூன்று நடுவர்களில் ஒருவருமான சுயம்புலிங்கம் வடுகபட்டியில் பள்ளி ஆசிரியர். அவரே போன் பண்ணினார்.

“ஜோதிம்மா, கங்காணி சாதிச்சுட்டான். இனி எவனும் வாலாட்ட மாட்டான்.”

ஆட்சேபம் இருந்தால் திங்கள் மாலை ஆறு மணி வரை சொல்லலாம். அந்த நிமிடம் பூட்டு விழும். அதுவும் அவள் வைத்த விதிதான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கீழே அம்மாவின் குரல் கேட்டது. “வாடி முனீசு! இப்பத்தான் இந்த அயித்தைய ஞாபகம் வந்துச்சாக்கும்?”

வந்தவள் முனீஸ்வரி. முப்பது வயது இருக்கும். இரண்டு தெரு தள்ளி வீடு. அம்மா கடைசியாகப் போன வருஷங்களில் அதே ஜீப்பில் புதிதாக ஏறியவள். தபாலில் பி.ஏ. முடித்திருக்கிறாள் என்று அம்மா சொல்லி ஜோதிக்குத் தெரியும். மாடி ஏறி வந்தவள் கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள். நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம்.

“நீங்கதானக்கா அந்தக் கங்காணியச் செஞ்சது?”

“ஆமா. ஒக்காரு முனீசு.”

அவள் உட்காரவில்லை. போனை எடுத்துப் பட்டியலைக் காட்டினாள். “இதுல மூணாவது பேரு நான். மொத பேரு மூக்கம்மா. மத்ததெல்லாம் நம்ம ஜீப்பு ஆளுக. பதினாலு பேரும் ஒரே ஆளாம்ல?”

ஜோதி திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மூக்கம்மா ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டு வரச் சொன்னா. ஒரே ஆளுன்னா, நாளையிலருந்து ஒருத்தி மட்டும் போய்ப் பதினாலு பேரு காயையும் எடுத்தாப் போதுமான்னு.”

“ஒரே நேரத்துல, ஒரே இணைப்புல எப்படி முனீசு…”

“தோட்டத்துல ஏதுக்கா டவரு? மத்தியானம் சாப்பிட ஒக்காரும்போது போன்ல எழுதி வச்சுக்குவோம். எழுத வராதவக வாயால சொல்லுவாக, போனே எழுதிக்கிரும். நான் எழுத்துப் பெழையத் திருத்துவேன். லோயர் கேம்ப் வளைவுல எறங்குனாத்தான் டவரு வரும். டிரைவர் பாண்டியராஜன் அண்ணன் போன்லதான் நெட்டு காசு போட்டிருக்கும். அவரு தெறந்து விடுவாரு, பதினாலு பேரும் அங்கனயே அனுப்பிருவோம். அஞ்சு நாப்பதுலருந்து அஞ்சு அம்பது. அதுக்கு மேல வண்டி நிக்காது.”

ஜோதிக்கு அந்த வளைவு தெரியும். பள்ளி லீவு நாளில் அம்மாவோடு ஜீப்பில் போயிருக்கிறாள். இறக்கத்தில் வண்டி சூடாகிவிடும், அங்கே நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்போது போன் இல்லை. பெண்கள் இறங்கி, காலில் ஒட்டியிருக்கும் அட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு முகம் கழுவித் தலை சீவிக்கொள்வார்கள். அந்தப் பத்து நிமிடத்தை அம்மா மடியில் உட்கார்ந்து பார்த்தவள்தான், அதே பத்து நிமிடத்தைத் திருட்டு என்று விதியாக எழுதியிருந்தாள்.

“எங்க வீட்டுக்காரரு போனப் புடுங்கிப் பாத்தாரு. ‘எவன் பேர்லடி கள்ளக் கணக்கு வச்சிருந்த’ன்னாரு. அவருக்கு அதான் தெரியும். கள்ளக் கணக்குன்னு நீங்கதான போட்டிருக்கீக?”

“போலிக் கணக்குன்னு…”

“ரெண்டும் ஒண்ணுதானக்கா.”

அப்புறம்தான் அவள் வந்த காரணத்தைச் சொன்னாள். போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வரும் தேனி மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு ஓர் அறக்கட்டளை ஒரு வருஷ வேலை வைத்திருந்தது. ஊர் ஊராகப் போய் எழுதச் சொல்லிக்கொடுக்கும் வேலை, தேனியில் அலுவலகம். போட்டிப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும்வரை முனீஸ்வரி இரண்டாம் இடத்தில் இருந்தாள். ஞாயிறு தவறாமல் கிளை நூலகத்தில் உட்கார்ந்து, எல்லோருடைய கட்டுரைக்கும் ஆதாரம் தேடிக் கொடுத்தவளும் அவள்தான்.

“ஏலத்துக்கு மருந்தடிச்ச தோட்டத்துக்குள்ள இனிப் போகக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. நெஞ்சு ரெண்டு பக்கமும் அடச்சிருக்காம். போகாம என்னக்கா செய்ய? இது கெடச்சா ஜீப்பு ஏற வேண்டாம்னு இருந்தேன். ஒங்களுக்கு ஒரு சொல்லு, தப்பா எண்ணிட்டேன்னு. சொல்லிருங்கக்கா.”

ஜோதி அப்போதே சுயம்புலிங்கத்துக்குப் பேசினாள். அவர் நல்ல மனிதர்.

“நீ சொன்னா நான் நம்புறேன்மா. மத்த ரெண்டு நடுவரும் நம்பணுமே. பதினாலு கட்டுரையிலயும் ஒரே கை திருத்தின மாதிரி இருக்குன்னு அதுல கோயம்புத்தூர்க்காரரு வேற சொல்லிட்டிருக்காரு.”

ஞாயிறு முழுக்க ஒரு நடுவர் கல்யாண வீட்டில் இருந்தார், இன்னொருவர் பயணத்தில். ராத்திரிதான் பதில் வந்தது. பதினான்கு முகங்களையும் ஒரே நேரத்தில் வீடியோவில் பார்க்க வேண்டும், திங்கள் காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லுங்கள் என்றார்கள்.

“லீவு போட முடியாதுக்கா,” என்றாள் முனீஸ்வரி போனில். “காய் எடுப்பு நேரம். பதினாலு பேரும் ஒருநா நின்னா, மறுநா எங்க எடத்துல வேற ஜீப்பு ஆளுக ஏறிருவாக.”

அப்படியானால் மாலை ஐந்து நாற்பது, லோயர் கேம்ப் வளைவு. ஜோதி பேரம் பேசி அதற்குச் சம்மதம் வாங்கினாள். பூட்டு விழ இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. பூட்டையே ஒரு நாள் தள்ளி வைக்கவும் வழி இருந்தது. மூன்று நடுவர்களும் சேர்ந்து சம்மதித்தால் போதும். அவள் அதைக் கேட்கவில்லை. திங்கள் ஆறு மணிக்குப் பூட்டு விழுவதைப் பார்க்க ஐந்து மொழிக் குழுவும் காத்திருந்தது. முதல் தடவையே நேரத்தைத் தள்ளிப்போட்டால் என்ன நினைப்பார்கள்? தினமும் ஐந்து நாற்பதுக்கு வருகிற ஜீப் இன்றைக்கும் வரும் என்று எண்ணிக்கொண்டாள்.

திங்கள் ஐந்தே காலுக்கே ஸ்கூட்டரை வளைவில் நிறுத்திவிட்டாள். மலை மேல் மழை. மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் பாதிக்கு மேல் மேகத்துக்குள் மறைந்திருந்தன. ஐந்து முப்பத்தைந்துக்கு மூன்று நடுவர்களும் அவள் போனுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்து நாற்பது ஆனது, ஐந்து ஐம்பது ஆனது. பாண்டியராஜன் எண் கிடைக்கவில்லை. மேலேயிருந்து வந்த வேறொரு ஜீப்பை மறித்தாள்.

“பாண்டி வண்டியா? செக்போஸ்ட்டுக்கிட்ட நிப்பாட்டிருக்காக. அதிகமா ஆள் ஏத்துறாகன்னு இன்னைக்கு எல்லா ஜீப்பையும் எண்ணுறாக. போன வாரம் ஒண்ணு உருண்டுச்சுல்ல.”

“எத்தன பேருன்னு எண்ணுறாகளா?”

“பதினாலு பேரக் கூடக்குறயவா எண்ணுவாக? ஆறு பேர எறக்கி விட்டுட்டாக. அவுக அடுத்த வண்டியில வரணும்.”

மலைக்கு மேலே பதினான்கு பேர் சட்டத்துக்கு அதிகம். கீழே அவளுடைய திரையில் அந்தப் பதினான்கு பேரும் ஒருத்தி.

ஆறு மணிக்குப் பூட்டு விழுந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. பட்டியலின் பச்சையும் சிவப்பும் சாம்பல் நிறமாகின, அவ்வளவுதான். ஆறு ஏழுக்கு ஜீப் எட்டுப் பேரோடு வந்தது. ஆறு இருபத்தைந்துக்கு இன்னொரு ஜீப் மிச்சம் ஆறு பேரை இறக்கிவிட்டது. பதினான்கு பேரும் நனைந்த முக்காட்டோடு சாலையோரத்தில் வரிசையாக நின்றார்கள். ஜோதி போனைத் தூக்கி ஒவ்வொரு முகமாகக் காட்டினாள். ஒவ்வொருத்தியும் பெயரையும், எழுதிய கட்டுரையையும் சொன்னாள். பொட்டிப்புரத்துக்காரி ஒருத்தி தன் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதியதைச் சொன்னாள். மூக்கம்மாளின் முறை வந்ததும் சேலையைச் சற்றுத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள்.

“நான் அட்டையப் பத்தி எழுதுனவ. ஆதாரம் இந்தா ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க.”

பெண்கள் சிரித்தார்கள். நடுவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கோயம்புத்தூர்க்காரர் பேசினார்.

“பதினாலு பேர்தான், ஒத்துக்கறேன். ஆனா பூட்டு விழுந்திருச்சே. ஜோதி, இதைத் திறக்க ஏதாவது வழி இருக்கா?”

ஒலிபெருக்கியில் அது எல்லோருக்கும் கேட்டது. முனீஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோதியின் இடது கையில் ஸ்கூட்டர் சாவிக்கொத்து. அதே வளையத்தில் ஒரு பென் டிரைவ். சாவிக் கோப்பு அதற்குள் இருந்தது. வீட்டுக்குப் போக இருபது நிமிடம், திறக்க இரண்டு நிமிடம். அப்புறம் முகப்பில் சிவப்பு எழுத்தில் அவள் பெயர். தன் ஊர்க்காரிக்காகப் பூட்டை உடைத்தவள். மைத்துனனுக்காகத் திருத்திய ஆளுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம் என்று ஐந்து மொழியிலும் கேட்பார்கள்.

“இல்ல சார்,” என்றாள். “திறக்க முடியாது.”

 பாண்டியராஜன் ஹாரன் அடித்தார்.

“சரிக்கா,” என்றாள் முனீஸ்வரி. “நீங்க என்ன செய்வீக. ஒங்க கையில இல்லல்ல.”

வீட்டுக்குள் நுழையும்போது அம்மா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். “புள்ளைக வந்துட்டாகளா?”

“வந்துட்டாகம்மா. நேரம் பிந்திருச்சு.”

“தராசு மூடிட்டானாக்கும்,” என்றாள் அம்மா. மகளைக் குத்திச் சொல்லவில்லை. பழக்கத்தில் வந்த பேச்சு. தைல பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை முடிவுகள் வந்தன. வேலை, மூன்றாம் இடத்துக்கு ஏறிவிட்ட வடுகபட்டி விஜய்பாண்டிக்குப் போனது. அவன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, நன்றாகவே எழுதியிருந்தான். நடுவர்கள் பதினான்கு பேரையும் போலிப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், ஜோதி எடுத்தாள். ஆனால் போட்டிப் பட்டியலில் அவர்கள் இல்லை. ஐந்து மொழிக் குழு புதன்கிழமை எழுதியது: ‘நியாயமான வேண்டுகோள் வந்தபோதும் விதியை மாற்றாத கருவி என்பதைக் கண்டோம். இப்படியொன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.’ ஜோதி அதை இரண்டு தடவை படித்தாள். பதில் எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்தாள்.

ஒரே இணைப்பைப் பிடிக்கும் விதியை நிரலிலிருந்து நீக்கினாள். காரணம் என்ற இடத்தில் ‘தவறான முடிவுகள் தருகிறது’ என்று மட்டும் எழுதினாள். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. தினமும் காலை ஜீப்புகள் தெருமுனையில் ஹாரன் அடித்து ஆள் ஏற்றும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். வழியில் ஒரு நாள் முனீஸ்வரியின் கணவன் எதிரே வந்தான். பார்க்காததுபோல் போனான்.

பூட்டு விழுந்த ஒன்பதாம் நாள் காலை அசாம்காரி ஒரு கேள்வி போட்டிருந்தாள். நிரலைப் பற்றி யாரும் கேட்கலாம் என்று திறந்து வைத்த பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி. அவளுக்கு ஊர் விவரம் எதுவும் தெரியாது, குத்திக் காட்டும் எண்ணமும் இல்லை. ‘விதியை நீக்கியதைப் பார்த்தேன். அந்தப் பதினான்கு பேர் என்ன ஆனார்கள்? பூட்டு பற்றிய பகுதியில் இருநூற்றுப் பதினோராம் வரியில் பூட்டைத் திறக்க வழி இருக்கிறதே. அதை ஏன் பயன்படுத்தவில்லை? எனக்குப் புரியாத காரணம் ஏதாவது இருக்கிறதா?’

ஜோதி அந்த வரியைத் திறந்து பார்த்தாள். அவள் எழுதியதுதான். இரண்டு வருஷமாக உலகத்தின் கண் முன்னால் அங்கேயே கிடந்தது. வளைவில் நின்று அவள் சொன்ன பொய் யாரும் எடுத்துப் படிக்கும் இடத்தில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருந்தது. படிக்கத் தெரிந்த ஒருத்தி படித்திருக்கிறாள். நாளைக்குச் சுயம்புலிங்கமும் படிக்கலாம்.

பென் டிரைவைச் சொருகினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முகப்பில் சிவப்பு வரி ஏறியது: ‘ஜோதிலட்சுமி திறந்தார்.’ கீழே காரணம் எழுதினாள். விதி தவறு, விதியை எழுதியது நான், பூட்டைத் திறக்க முடியும் என்று தெரிந்தே முடியாது என்று சொன்னேன் என்று மூன்று வாக்கியம். கங்காணி பட்டியலை மறுபடி அடுக்கியது. முனீஸ்வரி இரண்டாம் இடத்தில் வந்து நின்றாள்.

அரை மணி நேரத்தில் சுயம்புலிங்கம் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

“அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் கூட நின்னுருப்பேனேம்மா. இப்ப எல்லாரும் என்னையும்ல கேக்குறாக.”

“தப்புதான் சார். அந்த வேலை…”

“விஜய்பாண்டி திங்கக்கெழமையே சேந்துட்டான். வேல பாத்த கடைக்காரன்கிட்டச் சொல்லிக் கணக்கு முடிச்சுட்டு வந்துட்டான். அவன எறக்கிட்டா இவள ஏத்துறது?”

அறக்கட்டளை இன்னும் மரியாதையாக எழுதியது. முனீஸ்வரியின் பெயரைக் குறித்து வைத்திருப்பதாகவும், அடுத்த வாய்ப்பு வரும்போது பார்ப்பதாகவும் சொன்னது. ஐந்து மொழிக் குழு இரண்டே வரி எழுதியது. அடுத்த ஆண்டும் பழையபடி அட்டவணைகளிலேயே நடத்திக்கொள்வதாக.

அன்று மாலை ஐந்தரைக்கு அவள் வளைவில் நின்றாள். ஜீப் சரியாக ஐந்து நாற்பதுக்கு வந்தது. இப்போது ஒரு தடவைக்கு எட்டுப் பேர்தான் ஏறுகிறார்கள். முனீஸ்வரி பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். மூக்கு, வாய் எல்லாம் ஈரத் துண்டால் சுற்றியிருந்தது. பாண்டியராஜன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். பெண்கள் இறங்கினார்கள். யாரும் போனை எடுக்கவில்லை.

ஜோதி திரையைக் காட்டினாள். “ரெண்டாவதா வந்துட்ட முனீசு.”

முனீஸ்வரி துண்டை இறக்கிவிட்டுப் பார்த்தாள். தன் பெயரை ஒரு விரலால் தொட்டாள். முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

“அன்னைக்கு முடியாதுன்னீகளே?”

“முடியும். அன்னைக்கே முடியும். சாவி எங்கிட்டத்தான் இருந்துச்சு.”

“எங்கன?”

ஜோதி கையிலிருந்த சாவிக்கொத்தைக் காட்டினாள். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மூக்கம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

“ஏத்தா, அப்ப நாங்க அம்புட்டு மழையில நின்னு மூஞ்சியக் காட்டுனது எதுக்கு? சினிமாவுல சேக்கவா?”

யாரும் சிரிக்கவில்லை. முனீஸ்வரி கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்டாள்.

“அந்த வேலைக்கு ஆள் வந்தாச்சாக்கா?”

“வந்தாச்சு.”

அவள் தலையாட்டினாள். ஏதோ சொல்ல வந்து இருமல் பிடித்துக்கொண்டது. ஜீப் கம்பியைப் பிடித்துக் குனிந்து நெடுநேரம் இருமினாள். மூக்கம்மாள் முதுகைத் தடவிவிட்டாள். ஜோதி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். முனீஸ்வரி அதை வாங்கவில்லை, தள்ளவும் இல்லை. இருமல் நின்றதும் துண்டை மறுபடி மூக்குக்கு ஏற்றிக் கட்டினாள்.

“ஏறுங்கடி, நேரமாச்சு,” என்றாள் மற்றவர்களிடம்.

ஜீப் வளைவு திரும்பி மறையும்வரை ஜோதி நின்றாள். பாட்டில் கையிலேயே இருந்தது.

போட்டி முடிந்தாலும் கங்காணி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய கட்டுரைகளை யார் திருத்தினாலும் ஒரு வரி விழும். மாலை ஐந்து நாற்பது ஆனால் ஜோதி திரையைப் பார்க்கிறாள். ஒரு மாதம் அந்த ஜீப்பின் இணைப்பிலிருந்து எதுவும் வரவில்லை. வேறு இரண்டு பேர் கருவியை எடுத்துத் தங்கள் போக்கில் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பெயரையே மாற்றிவிட்டார். அசாம்காரி மட்டும் இன்னும் கேள்வி கேட்கிறாள், ஜோதி மட்டும் இன்னும் பதில் சொல்கிறாள்.

கார்த்திகை பிறந்து ஒரு நாள், ஐந்து நாற்பத்து மூன்றுக்கு ஒரு வரி விழுந்தது. கட்டுரை: அட்டை. திருத்தியவர்: மூக்கம்மாள். ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தாள். அட்டை வயிறு நிறைந்து தானாக விழுந்த பிறகும், அது கடித்த இடத்தில் ரத்தம் நிற்க நேரமாகும். ஆதாரமாகக் கிளை நூலகத்துப் புத்தகம் ஒன்றின் பெயரும் பக்க எண்ணும்.

ஜோதி இன்னும் பதின்மூன்று வரிகளுக்காக ஐந்து ஐம்பது வரை காத்திருந்தாள். பிறகு ஆறு மணி வரை. கங்காணி அந்த மாலையின் கணக்கைப் போட்டது. இந்தத் தடவை தப்பில்லாமல் எண்ணியிருந்தது.

வந்தவர்: ஒருவர்.